எங்கிருந்து வந்தது? பேசாலைக்கு வந்த ஜெய்ப்பூர்க் கால்

கேள்வி: பழைய பத்திரிகைகளில் ‘விழுப்புண் அடைந்தவர்’ என்று இருக்கிறது. விழுந்ததால் வந்த புண் என்றா அர்த்தம்?
மாணவி, அடம்பன்

மாமரத்தால் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவருக்கு இந்தப் பட்டம் கிடையாது தங்கச்சி. ‘விழு’ என்றால் இங்கே மேலான, சிறந்த என்று பொருள். விழுமியம், விழுப்பொருள் எல்லாம் அதே குடும்பம். எதிரிக்கு முகம் கொடுத்து நின்று வாங்கியது விழுப்புண். திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தில் இந்தச் சொல் இருக்கிறது. முதுகில் பட்டால் அது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அந்த வெட்கத்தில் வடக்கிருந்து உயிரை விட்டான்.

புண்ணைப் பாடிய அளவுக்கு மருந்தை நம் புலவர்கள் பாடவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ஆனாலும் இரண்டு இடங்கள் உண்டு. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், வீரரின் மார்புக் காயத்தை வெள்ளூசியால் தைத்ததைச் சொல்கிறார். குளத்துக்குள் மீனுக்குப் பாய்ந்து மேலெழும் மீன்கொத்தி மாதிரி அந்த ஊசி போய் வருகிறதாம். தையல் போடுவதைக் கிட்ட நின்று பார்க்காத ஆளுக்கு இப்படி ஓர் உவமை வராது. மற்றது புறநானூறு 281. காயப்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். பெண்கள் வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், புகை போடுகிறார்கள், மணி அடித்துக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசலில் இன்றைக்கும் வேப்பிலை தொங்குகிறதுதானே.

விழுப்புண் மேடைக்கும் பத்திரிகைக்கும் உரிய சொல். போர்க்காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சனம் கேட்டது, “காயக்காரர் எத்தினை பேர்?” என்றுதான்.

கேள்வி: செஞ்சிலுவை கிறிஸ்தவ அடையாளமா? அப்படியென்றால் செம்பிறை எப்படி வந்தது?
வாசகர், எருக்கலம்பிட்டி (இப்போது புத்தளம்)

சமயக் குறி இல்லை என்பதுதான் ஜெனீவா ஒப்பந்தம் சொல்வது. சுவிஸ் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டால் செஞ்சிலுவை.

ஜெனீவாக்காரர் ஹென்றி டியூனான் ஒரு வியாபாரி. அல்ஜீரியாவில் இருந்த தன் தொழிலுக்கு அனுமதி வாங்க மூன்றாம் நெப்போலியனைத் தேடிப் போனவர். 1859 ஜூன் 24 அன்று நடந்த சோல்பெரினோ சண்டையின் கோலத்தைக் கண்டு, வந்த வேலையை விட்டார். பக்கத்து ஊரான காஸ்டிலியோனே தேவாலயத்துக்குள் காயக்காரரை அடுக்கியிருந்தார்கள். எந்தப் படை என்று பாராமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். 1862இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1863இல் குழு அமைந்தது, 1864 ஆகஸ்ட் 22 அன்று முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது. சிலுவை தங்கள் படையினருக்கு ஒவ்வாது என்று துருக்கி ஒட்டோமான் அரசு 1876இல் பிறையை எடுத்தது. 1929 ஒப்பந்தம் அதையும் ஏற்றுக்கொண்டது.

தேவாலயத்துக்குள் அடைக்கலம் என்றால் மன்னாரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1990களில் மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் ஆணையம் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. அதே மடு வளவில் 1999 நவம்பர் 20 இரவு எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2009இலோ, பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர், நோயாளர், கூடப் போனவர் என ஏறத்தாழ 14,000 பேரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல் வழியாக வெளியே எடுத்தது. குறி சில நாள் காக்கும், சில நாள் காக்காது.

கேள்வி: அண்ணைக்கு மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. போட்டிருப்பது ‘ஜெய்ப்பூர்க் கால்’. ஜெய்ப்பூரில் கடலே இல்லையே, அங்கத்தைய கால் எங்களுக்கு எப்படி வந்தது? அதோடு உப்புத் தண்ணியில் இறங்கலாமா?
வாசகி, பேசாலை

இரண்டாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

மேற்கே பொய்க்காலின் கதை பெரும்பாலும் படைவீரனின் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861இல் காலை இழந்த ஜேம்ஸ் ஹேங்கர், பீப்பாய்ப் பலகையைச் சீவித் தனக்கே கால் செய்து, பிறகு அதையே தொழிலாக்கினார். இந்தியாவிலும் 1917இல் கிர்க்கியில் ஊனமுற்ற படையினருக்குத் தொழிற்பள்ளி, 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு நிலையம் என்று எல்லாம் உலகப் போர்களின் பிள்ளைகள். சிப்பாய்க்குச் செய்த கால் பிறகுதான் ஊராருக்கு வந்தது.

ஜெய்ப்பூர்க் கால் மறுபக்கமாக வந்தது. ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கமக்காரர், கூலிக்காரர். வெளிநாட்டு மாதிரிப் பாதத்துக்குச் சப்பாத்துப் போட வேண்டும். சப்பாத்தோடு வயலில் இறங்க முடியுமா, குசினிக்குள் போக முடியுமா, கோயிலுக்குள்? கணுக்கால் மடியாது, குந்தி இருக்கவும் ஏலாது. கொடுத்த காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு ஊன்றுகோலோடு போனார்கள்.

அதே ஆஸ்பத்திரியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர் இருந்தார். சிலை வடிக்கிற கை, பள்ளிப்படிப்பு நாலாம் வகுப்போடு சரி. சைக்கிள் காற்றுப் போய் ஒரு கடையில் நின்றபோது, அங்கே லொறி டயருக்கு ரப்பர் வைத்துச் சூட்டில் இறுக்குவதைப் பார்த்து அவருக்கு யோசனை ஓடியது என்று சொல்வார்கள். எலும்பு வைத்தியர் பி.கே. சேத்தியும் சேர, 1968 அளவில் பாதம் உருவானது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கணுக்காலுக்கு ஒரு மரத்துண்டு, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பாட்டா செருப்பில் வருகிற மாதிரி நுரை ரப்பர். சுற்றிவர டயர் நூல், மேலே தோல் நிற ரப்பர். எல்லாவற்றையும் பாத வடிவ அச்சுக்குள் வைத்து அவிப்பார்கள். விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரியும். 1981இல் மக்சேசே விருது சேத்திக்குப் போனது. சர்மாவின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரியுமோ என்னவோ. ஆக, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து, நிலத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிற மனிதருக்குச் செய்த கால் இது. கடல் இல்லாவிட்டால் என்ன, பாய் இருந்ததே.

இலங்கைக்குள் போர் அதைக் கூட்டி வந்தது. கொழும்பில் 1985இல் தொடங்கினார்கள், யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் வந்தது. வன்னியில் ‘வெண்புறா’ என்ற நிறுவனம் கால் செய்தது. இராணுவத்துக்கு ராகமையில் ‘ரணவிரு செவன’, போருக்குப் பிறகு அநுராதபுரத்தில் ‘அபிமன்சல’. படையினருக்கு ஓய்வூதியமும் தனி இல்லமும் உண்டு. மற்றப் பக்கம் நின்று காலை இழந்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. விறகுக்குப் போய் மிதிவெடியில் அகப்பட்டவரோடு அவரும் அதே வாங்கில் இருந்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்.

இனி அண்ணையின் கடல். பாதம் ரப்பர் என்பதால் தண்ணீருக்குப் பயப்படாது. ஆனால் விரலிடுக்கிலோ குதியிலோ வெடிப்பு விழுந்தால் உப்புத்தண்ணி உள்ளே போய் மரம் ஊதிவிடும். மேலே உள்ள குழல் அலுமினியமாக இருந்தால் உப்பு அதை அரிக்கும், முதலில் ஆணி இருக்கிற இடத்தில். கரைக்கு வந்தவுடன் கழற்றி நல்ல தண்ணியில் கழுவி, மண்ணைத் தட்டி, நிழலில் காய வைக்கச் சொல்லுங்கள். காலின் எஞ்சிய பகுதியையும் கழுவித் துடைக்க வேண்டும். ஈரச் சொக்ஸோடு மணல் சேர்ந்தால் ஒரே நாளில் புண்ணாக்கிவிடும். புதுக் கால் கிடைத்தவுடன் பழையதை எறிய வேண்டாம். வார் அறாமல் பொருந்துகிறதென்றால் அது கடலுக்கு, புதியது கோயிலுக்கு.