வார்டு கற்பிக்கும் பாடங்கள்



1860-ல் லண்டன் புனித தோமா மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நர்ஸ் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். 1909-ல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அன்றுமுதல் எத்தனையோ பாடநூல்கள் வந்துவிட்டன. ஆனாலும் சில பாடங்களை வார்டுதான் கற்பிக்கிறது. நோயாளிகளோடு ஜெபிக்க வார்டு வார்டாகச் செல்லும் நாங்கள், நர்ஸ் சகோதரிகள் டூட்டி மாறும் வேளையில் சொல்லிச் சிரிக்கும் இப்படிப்பட்ட பாடங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அவற்றில் சிலவற்றை இம்மாதம் உங்களோடு படிக்க விரும்புகிறோம்.

பாடம் 1: காபியும் சாப்பாடுதான்

காலையில் ஆபரேஷன். மாணவி நர்ஸ் முறைப்படி கேட்கிறாள்: "தாத்தா, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலைம்மா."

தியேட்டர் வாசலில் டிராலி நிற்கும்போது, அவருக்குத் தைரியம் சொல்ல எண்ணி, "பசிக்குதா தாத்தா?" என்கிறாள். "பசியா? அதான் விடியக்காலையிலேயே நாலு இட்லியும் ஒரு காபியும் ஆச்சே!" என்கிறார் பெரியவர். டிராலி வந்த வழியே திரும்புகிறது.

பெரியவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. இட்லி பலகாரம்; காபி எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் மயக்க மருந்து இந்த வித்தியாசத்தை அறியாது. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்துக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட தாய்மாருக்கு இவ்வாறு நேர்ந்ததை அமெரிக்க மருத்துவர் மெண்டல்சன் 1946-ல் விவரித்து எழுதினார். ஆகவேதான் திட உணவுக்குப் பின் குறைந்தது 6 மணி நேரமும், வெறும் தண்ணீருக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. நம் பால் காபி உணவுக் கணக்கில்தான் சேரும்.

அந்த மாணவி இப்போது வேறு விதமாகக் கேட்கிறாள்: "தாத்தா, கடைசியா வாயில என்ன போட்டீங்க? எத்தனை மணிக்கு?"

பாடம் 2: பெயரை நீ சொல்லாதே

"லட்சுமியம்மாவா?" என்று ஊசித் தட்டோடு வந்த சகோதரி கேட்கிறாள். காது மந்தமான பாட்டி புன்னகையோடு தலையாட்டுகிறார். அன்போடு கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவர் தலையாட்டுவார்! நல்லவேளை, அடுத்த கட்டிலிலிருந்து குரல் வருகிறது: "அது காளியம்மா. லட்சுமி நான்தான் சிஸ்டர்!"

கணவர் பெயரைக் கேட்டாலோ கதையே வேறு. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்த மூதாட்டி, "பழனி மலையிலே இருக்காரே, அவர் பேருதான்" என்கிறார். மாணவி "பழனிச்சாமி" என்று எழுதிக்கொள்கிறாள். சாயங்காலம் வேலாயுதம் என்பவர் தம் மனைவியைத் தேடி வந்தார். பதிவேட்டில் பழனிச்சாமியின் மனைவிதான் இருந்தார். வேலாயுதத்தின் மனைவி இல்லவே இல்லை!

சிரிக்கிறோம். ஆனால் அதே தவறு இரத்தம் ஏற்றும்போது நேர்ந்தால் சிரிக்க முடியாது. எந்த மருந்துக்கும் முன்னால் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வலியுறுத்தியது. வேதத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கண் மங்கிய ஈசாக்கு தம் மகனைக் குரலாலும் கையாலும் சோதித்தார். குரல் ஒருவனைக் காட்டிற்று, கை மற்றொருவனைக் காட்டிற்று. இரண்டும் முரண்பட்டபோது அவர் நிறுத்தவில்லை. வார்டின் விதியோ நிறுத்து என்கிறது.

பாடம் 3: நிறத்தை முன்னமே சொல்லிவிடு

காசநோய்க்கு மாத்திரை வாங்கிப்போன வாலிபர் மூன்றாம் நாளே குடும்பத்தோடு திரும்பி வந்தார். மாத்திரைகளையெல்லாம் காகிதத்தில் பொட்டலம் கட்டி மேஜைமேல் வைத்தார். "ஒண்ணுக்கு இரத்தமாப் போகுது சிஸ்டர். உங்க மருந்து உங்களுக்கே இருக்கட்டும்!" தாயார் அழுதுகொண்டிருந்தார்.

அது இரத்தமல்ல. ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இதனால் தீங்கில்லை. பயந்து மருந்தை நிறுத்துவதில்தான் தீங்கு. வழக்கமான 6 மாதச் சிகிச்சையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும்; மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகும். அந்த வாலிபர் திரும்பி வந்ததால் தப்பினார். வராமல் வீட்டிலேயே நிறுத்திவிடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். மருந்தோடு இந்த ஒரு வார்த்தையையும் கொடுப்பது நர்ஸின் கடமை. இரும்புச் சத்து மாத்திரை தின்னும் கர்ப்பிணிக்கும், மலம் கறுப்பாகும் என்று முன்னமே சொல்லவேண்டும்.

பாடம் 4: "இன்று அமைதி" என்று சொல்லாதே

இரவு டூட்டியில் புதிதாய் வந்த சகோதரி, "இன்னைக்கு வார்டு அமைதியா இருக்கே!" என்றால் மூத்த சகோதரிகள் அவள் வாயைப் பொத்துவார்கள். சொன்ன அரை மணி நேரத்தில் இரண்டு பிரசவமும் ஒரு பாம்புக்கடியும் வந்து சேருமாம்! இந்த நம்பிக்கை பல தேசங்களில் உண்டு. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தார், சில நாட்களில் அந்த வார்த்தையைச் சொல்லியும் சில நாட்களில் சொல்லாமலும் சோதித்தார்கள். வேலை கூடவில்லை என்று 2019-ல் வெளியிட்டார்கள்.

எங்கள் மூத்த சகோதரிகள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அந்த வார்த்தையை இன்னும் சொல்லாமலே இருக்கிறார்கள்! ஆனால் அமைதியான அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் செய்வதைக் கவனியுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து பார்க்கிறார்கள். அவசர டிராலியில் மருந்துகளை எண்ணுகிறார்கள். டார்ச்சின் பேட்டரியைச் சோதிக்கிறார்கள். பாம்புக்கடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது டார்ச் எரியவேண்டும்.

நாம் சிந்திக்க

இந்தக் கதைகளை நர்ஸ் சகோதரிகள் ஏன் ஒளிக்காமல் சொல்லுகிறார்கள்? திட்டுவார்கள் என்று பயந்து இட்லிக் கதையை அந்த மாணவி மறைத்திருந்தால், அடுத்த மாணவியும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். அடுத்த பெரியவர் தியேட்டர் வாசலில் பேசாமலே உள்ளே போயிருக்கலாம். தவறை வாய்விட்டுச் சொல்லக்கூடிய வார்டில்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு. சிரிப்பு அதைச் சொல்வதற்கு வழி திறக்கிறது. ஆனால் நாம் சிரிப்பது தவறைப் பார்த்துத்தான்; நோயாளியைப் பார்த்து அல்ல. இந்த எல்லையையும் மூத்த சகோதரிகள் மாணவிகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் குடித்த காபியை மறைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே முழுமையாகச் சொல்லுங்கள். மருந்தால் ஏதாவது மாற்றம் கண்டால், நிறுத்துமுன் கேளுங்கள். ஒரே கேள்வியை மூன்று சகோதரிகள் மூன்று தரம் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் மூன்று தரமும் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னே அந்தக் கட்டிலில் படுத்திருந்த யாரோ ஒருவரிடம் கற்ற பாடத்தினால்தான் அவர்கள் அப்படிக் கேட்கிறார்கள்.