பூனைக்குட்டி வருகிறதா? காசை இரண்டே இடத்தில் போடுங்கள்

பூனைக்குட்டி கடைப்பொருளைக் கேட்பதில்லை. ஒளிய இடம், தோண்ட மண், செரிக்கும் உணவு ஆகியவற்றைத்தான் கேட்கிறது. பக்கவாட்டில் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டிக்குள் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டால் படுக்கை தயார். விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டில் நாலு விரல் உயரம் மணல் கொட்டினால் கழிப்பிடம். மீன் கிடைத்தால் வேகவைத்து, முள்ளெடுத்துக் கொடுக்கலாம். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. மீன் மட்டுமே போதாது, வெந்த கோழியும் குட்டிகளுக்கான தீவனமும் சேரட்டும். "ஊர்ப் பூனையெல்லாம் பால் குடித்துத்தானே வளர்ந்தது?" என்பார்கள். அவை எலி பிடித்து வளர்ந்தவை. தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

இப்படி மிச்சமாகும் பணத்தை வலைக்கும் தடுப்பூசிக்கும் ஒதுக்குங்கள். அடுக்குமாடிகளில் புறாவுக்குக் கட்டும் பால்கனி வலையே பூனைக்கும் காவல்; அடியில் இடைவெளி விடாமல் இழுத்துக் கட்டவேண்டும். பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றும் என்பது பாதி உண்மை. காலூன்றினாலும் காலும் தாடையும் முறியலாம். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு ஊசி எதற்கு என்றும் கேட்கலாம். கதவு ஒருநாள் திறந்திருந்தால் போதும். வெறிநோய் வந்தபின் மருந்தில்லை. எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய் ஊசி என்பது பொது வழக்கம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரியுங்கள். கடைசியாக ஒன்று: வீட்டிலுள்ள பாராசிட்டமாலைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதற்கு அது நஞ்சு.