மஞ்சள் பெட்டியும் பழகிய சாலையும்

பிரித்தானியாவில் வேகக் கேமராவிடம் அகப்படுகிறவர் யார் என்று கேட்டால், மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையில் நள்ளிரவில் சீறிப் பாயும் இளைஞனைத்தான் பெரும்பாலோர் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்நாட்டில் பல்லாண்டு கார் ஓட்டியவர்களின் அனுபவங்களைக் கேட்டுப் பார்த்தால், பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து வீட்டை நெருங்கும் நேரத்திலோ, அன்றாடம் போய்வரும் தெருவில் வரம்பைவிட ஆறேழு மைல் கூடுதலாகப் போய்க் காவல்துறையின் கடிதம் பெற்றவர்களின் கதையே திரும்பத் திரும்ப வருகிறது. புதிய ஊரில் ஓட்டுகிறவர் பலகைகளைப் படித்துக்கொண்டே போகிறார்; பழகிய சாலையிலோ கவனம் இரவுச் சமையலுக்கும் மறுநாள் வேலைக்கும் நகர்ந்துவிட, காலின் அழுத்தம் சாலையின் அகலத்தையும் முன்னே செல்லும் காரையும் ஒட்டித் தானாகவே அமைந்துவிடுகிறது. அந்நாட்டில் வேகம் இன்றும் மைலில்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் என்பதால், ஊர்த் தெருக்களின் வழக்கமான வரம்பாகிய மணிக்கு 30 மைல் என்பது சுமார் 48 கிலோமீட்டர்.

கேமராவின் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1953இல் மான்டி கார்லோ ராலியில் வென்ற நெதர்லாந்துப் பந்தய ஓட்டுநர் மோரிஸ் காட்சோனிடஸ், வளைவுகளில் தம் காரின் வேகத்தைத் துல்லியமாக அளந்து இன்னும் விரைவாகப் போகும் நோக்கத்துடன்தான் இத்தகைய கருவிகளில் ஈடுபட்டார். அவருடைய பெயரின் முற்பாதியே ‘காட்சோ’ என்று இன்றும் அந்தப் பெட்டிகளுக்கு வழங்கிவருகிறது. அங்கீகரிக்கப்பட்ட கருவிகளின் பதிவை நீதிமன்றம் சான்றாக ஏற்பதற்கு 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வழிவகுத்ததை அடுத்து, 1992இல் மேற்கு லண்டனின் ட்விக்கனம் பாலத்தருகே முதல் காட்சோ நிறுவப்பட்டது. கடந்து செல்லும் வாகனத்தின் வேகத்தை ரேடார் அலையால் அளந்து, வரம்பு மீறியிருந்தால் அரை நொடி இடைவெளியில் பின்பக்கத்தை இருமுறை படமெடுப்பது இதன் முறையாகும். சாலையில் சம இடைவெளியில் தீட்டப்பட்டுள்ள வெள்ளைக் கோடுகளை வைத்து, அந்த அரை நொடியில் வாகனம் நகர்ந்த தூரத்தைக் கணக்கிட்டு ரேடாரின் அளவு சரிபார்க்கப்படுகிறது. ட்ரூவெலோ என்னும் மற்றொரு வகை, சாலைக்குள் புதைக்கப்பட்ட உணரிகளைக் கொண்டு அளந்து முன்பக்கத்தைப் படமெடுக்கிறது. பின்பக்கப் படத்தில் ஓட்டியவரின் முகம் தெரியாது; ஆனால் ஓட்டியவர் யார் என்று சொல்லும் பொறுப்பு வாகனப் பதிவுதாரர் மீது, அதாவது யார் பெயரில் கார் பதிவாகியிருக்கிறதோ அவர் மீது, சட்டத்தால் சுமத்தப்பட்டுள்ளது.

கேமராவின் மீது மக்களுக்கு ஏற்பட்ட கசப்புக்குப் பணமே முதற்காரணம். 2000இல் சில பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் விரிவான ஓர் ஏற்பாட்டின்படி, உள்ளூராட்சியும் காவல்துறையும் நீதிமன்றமும் சேர்ந்த கூட்டமைப்புகள், அபராத வருவாயிலிருந்தே கேமராவின் செலவை ஈடுகட்டிக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. அதுவரை சாம்பல் நிறத்தில் மரத்தோடு மரமாக நின்ற பெட்டிகள் இதன் பிறகு மஞ்சள் பூசப்பட்டதும், முன்னறிவிப்புப் பலகைகள் வந்ததும், ஒளிந்திருந்து காசு பறிப்பதாக எழுந்த ஏச்சுக்கு விடையாகத்தான். 2007இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, அபராதம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகத் தொடங்கியும் சந்தேகம் நீங்கவில்லை. பழைய டயரை மாட்டிப் பெட்டிகளைக் கொளுத்தும் வழக்கமும் அறவே ஒழியவில்லை. 2009இல் ஸ்விண்டன் நகரம் நிலையான கேமராக்களுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டம் 2010இல் அவற்றை அணைத்து, 2011இல் மீண்டும் இயக்கியது.

பணத்தைப் பற்றிய சண்டையில் மறைந்துபோன இன்னொரு கேள்வி, கேமராவால் விபத்து உண்மையில் எவ்வளவு குறைகிறது என்பதாகும். தொடக்கக் காலத்தில் உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் மூன்றாண்டுகளில் குறைந்தது நான்கு நடந்த இடத்திலேயே நிலையான கேமரா வைக்கலாம் என்று விதி இருந்தது. தாயக்கட்டையில் அடுத்தடுத்துப் பெரிய எண் விழுந்த பிறகு, யாரும் எதுவும் செய்யாமலேயே சிறிய எண்கள் வரத்தானே செய்யும். அதுபோலத் தற்செயலாக விபத்துகள் குவிந்த இடத்தில் அடுத்த சில ஆண்டுகள் எண்ணிக்கை தானாகவே இறங்கும். இதைப் புள்ளியியலார் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பர். அரசின் வேண்டுகோளின்படி நடந்து 2005 இறுதியில் வெளியான நான்காண்டு மதிப்பீட்டின் இணைப்பிலேயே, கேமரா நின்ற இடங்களில் காணப்பட்ட குறைவில் கணிசமான பங்கு இவ்வகையானது என்று ஆய்வாளர்கள் காட்டினர். மீதிப் பங்கு மெய்யானது என்பதையும் அதே கணக்கு காட்டியது. ஆகவே கேமராவை உயிர்காக்கும் அற்புதமாகப் போற்றுவோரும், வெறும் உண்டியலாக ஏசுவோரும் அந்த இணைப்பைப் படிக்காதவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஒரே புள்ளியில் அளக்கும் கேமராவின் குறை, அது வேகத்தைக் கற்பிக்காமல் தன் இருப்பிடத்தை மட்டும் கற்பிக்கிறது என்பதே. உள்ளூர்க்காரர் பெட்டிக்கு முன் பிரேக்கை மிதித்து, கடந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். வெளியூர்க்காரர் திடீரென்று ஒளிரும் பிரேக் விளக்கைக் கண்டு தாமும் திடுக்கிட்டு மிதிக்கிறார். லண்டன் பொருளியல் பள்ளியிலிருந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கேமராவின் நன்மை அதைச் சுற்றிய சுமார் 500 மீட்டருக்குள் அடங்கிவிடுவதையும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிலைமை எதிர்த்திசையில் திரும்பக்கூடும் என்பதையும் சுட்டியது. சராசரி வேகக் கேமரா இக்குறையைத் தீர்க்கிறது. சாலையின் தொடக்கத்திலும் முடிவிலும் இடையிலும் நிற்கும் கருவிகள் எண்பலகையைப் படித்து, இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துவிடுவதால், ஓரிடத்தில் மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொண்டு பயனில்லை. ஸ்காட்லாந்தில் டன்பிளேனிலிருந்து இன்வர்னஸ் வரை செல்லும் ஏ9 சாலையில் 2014 அக்டோபரில் இவ்வகைக் கேமராக்கள் இயங்கத் தொடங்கியபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. பிறகு அச்சாலையில் ஓட்டுவது நிதானப்பட்டதை எதிர்த்தவர்களில் சிலரும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே சமயத்தில் அங்கே லாரிகளின் வரம்பு 40 மைலிலிருந்து 50ஆக உயர்த்தப்பட்டதால், பின்னால் ஊர்ந்து பொறுமையிழந்து முந்த முயலும் நிலையும் குறைந்தது என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும். கேமராக்களுள் நியாயமானது எது என்றால், ஒரு கணச் சறுக்கலைப் பொறுத்துக்கொண்டு, நீடித்த மீறலை மட்டும் பிடிக்கும் இந்தச் சராசரி வகையே. தடம் மாறி ஓட்டினால் கணக்கிலிருந்து தப்பலாம் என்ற பழைய நம்பிக்கையை இக்காலத்தில் கைவிடுவது நல்லது. க்ரூஸ் கன்ட்ரோல் என்னும் வேக நிலைப்படுத்தியை வரம்பில் பொருத்திவிட்டு, பார்வையை மீட்டரிலிருந்து எடுத்துச் சாலையில் வைப்பதே அப்பகுதிகளைக் கடக்க எளிய வழி.

எந்த வரம்புக்குள் ஓட்டுகிறோம் என்பதே தெரியாமல் அகப்படுவோர் ஏராளம் என்பதால், வரம்பைப் படிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 183 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் தெருவிளக்குகள் வரிசையாக நின்றால், வேறு பலகை இல்லாதவரை வரம்பு 30 மைல் என்பது சட்டம். அத்தகைய தெருவில் 30 என்ற நினைவூட்டுப் பலகை இடையிடையே வைக்கப்படுவதில்லை. ஆகவே விளக்கும் வீடுகளும் இருந்து பலகை மட்டும் காணவில்லை என்றால், அந்த வெறுமையையே 30 என்று படிக்க வேண்டும். அகலமான, இருபுறமும் புல்வெளி கொண்ட ஊர்ப்புறச் சாலைகளில் 40 என்று ஊகித்து அகப்படுவது இதனால்தான். வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் இத்தகைய தெருக்களின் பொது வரம்பு 20ஆகக் குறைக்கப்பட்டது. அதை எதிர்த்து வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட மனுவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதன் பின் சில சாலைகளை மீண்டும் 30க்கு மாற்ற உள்ளூராட்சிகள் பரிசீலித்தன. எல்லை தாண்டி வேலைக்குச் செல்வோர், இங்கிலாந்தின் கண்ணோடு வேல்ஸின் தெருவைப் படிப்பது ஆபத்து. வாகனத்தின் வகையும் வரம்பை மாற்றும்: இடையில் பிரிப்பு இல்லாத நாட்டுப்புறச் சாலையில் காருக்கு 60 மைல் என்றால், பெரும்பாலான சரக்கு வேன்களுக்கு 50தான். வீடு மாற்றுவதற்காக வேன் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுப்போர் இதை அறிந்திருப்பது அரிது.

வரம்புக்கு மேல் எவ்வளவு தாண்டினால் நடவடிக்கை என்ற கேள்விக்கு, பத்து சதவீதமும் இரண்டு மைலும் என்ற விடை சாராயக்கடை வரை பரவியிருக்கிறது. காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதலில் அந்தக் கணக்கு இருப்பது உண்மையே. அதன்படி 30 மைல் தெருவில் 35, 20 மைல் தெருவில் 24 என்பது நடவடிக்கை தொடங்கும் எல்லை. ஆயினும் அது உரிமையன்று, காவல்துறையின் விருப்பத்துக்கு விடப்பட்ட தளர்வு மட்டுமே. காரின் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பது உற்பத்தி விதி; இந்த இரண்டு தளர்வுகளையும் கூட்டிக் கணக்குப்போட்டு ஓட்டுவது, லாபத்தைவிட மனக்கணக்கின் உழைப்பு மிகுந்த வேலை. ஒரு மைல் தூரத்தை 30இல் கடக்க இரண்டு நிமிடம். 35இல் கடந்தால் மிச்சமாவது 17 நொடி, அதுவும் அடுத்த சிக்னலில் கரைந்துபோகும். மறுபக்கம், நெடுஞ்சாலை விதிநூல் தரும் அட்டவணைப்படி காரை முழுதாக நிறுத்த 20 மைலில் 12 மீட்டரும், 30இல் 23 மீட்டரும் தேவை. பள்ளிக்கூடத் தெருவில் இந்த 11 மீட்டரில் என்னென்ன இருக்கும் என்பதை ஓட்டுகிறவரே எண்ணிப் பார்க்கலாம்.

கடிதம் வந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. குற்றம் நடந்த 14 நாட்களுக்குள் முதல் அறிவிப்பு வாகனப் பதிவுதாரரைச் சேர வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தப்ப முயல்வோர், அந்த 14 நாள் பதிவுதாரருக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறந்துவிடுகின்றனர். நிறுவனத்தின் காரை ஓட்டுகிறவருக்குக் கடிதம் பல வாரம் கழித்து வந்தாலும் அது செல்லும். ஓட்டியவர் பெயரை 28 நாட்களுக்குள் தெரிவிக்கத் தவறினால் விளைவு அசல் குற்றத்தைவிடக் கடுமையானது: சாதாரண வேகமீறலுக்கு 100 பவுண்டு அபராதமும் மூன்று தண்டனைப் புள்ளிகளும் என்றால், பதில் தராமைக்கு ஆறு புள்ளிகளும் 1000 பவுண்டு வரை அபராதமும். தண்டனைப் புள்ளி என்பது உரிமத்தில் பதியப்படும் கறை. மூன்றாண்டுகளுக்குள் 12 சேர்ந்தால் பெரும்பாலும் ஆறு மாதமாவது ஓட்டத் தடை வரும், உரிமம் பெற்று இரண்டாண்டு முடியாதவருக்கோ ஆறிலேயே உரிமம் போய்விடும். வீடு மாறியதும் காரின் பதிவுச் சான்றில் முகவரியைத் திருத்தாதவர்கள், கடிதத்தையே காணாமல் இந்தப் பள்ளத்தில் விழுகின்றனர். புள்ளியை மனைவி பெயரிலோ தந்தை பெயரிலோ ஏற்றிவிடும் குடும்ப ஏற்பாடு நீதியைத் திரிக்கும் குற்றமாகும். 2003இல் நடந்த ஒரு வேகமீறலை இவ்வாறு மாற்றிக் காட்டியதற்காக முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹியூனும் அவருடைய முன்னாள் மனைவியும் 2013இல் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். மீறல் சிறிதாயின், 30 மைல் தெருவில் 42 வரை, புள்ளிக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு வழங்கப்படலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் அந்த வாய்ப்பு. முகம் சுளித்துக்கொண்டு போகிறவர்களுக்கும் தெருவிளக்கு விதி போன்றவற்றை அங்கேதான் முதன்முதலாக யாராவது ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள்.

எதிரே வருபவருக்கு முகப்பு விளக்கைச் சிமிட்டி, பாலத்தின் மேல் நிற்கும் கேமரா வேனைப் பற்றி எச்சரிப்பது சகோதர மனப்பான்மையாகத் தோன்றினாலும், காவலரின் பணிக்கு இடையூறு செய்ததாக வழக்கு வரக்கூடும். வழிகாட்டிச் செயலியில் கேமரா எச்சரிக்கை வைத்திருப்பது பிரித்தானியாவில் சட்டப்படி சரி. ஆனால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குள் காரோடு நுழைகிறவர் அதை அணைத்துவிட வேண்டும்.

உள்ளூர் வாழ்வில் கேமராவைப் பற்றிய கருத்து ஒருவருக்கே இரண்டாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. தம் தெருவில் கேமரா வேண்டும் என்று ஊராட்சிக்கு மனு எழுதுகிறவரே அடுத்த ஊரின் கேமராவைக் கொள்ளைக்காரன் என்கிறார். மனு எழுத விரும்புவோர் முதலில் வேக அளவாய்வு கேட்பது புத்திசாலித்தனம்: சாலையின் குறுக்கே ரப்பர் குழாய்களைப் பதித்துச் சில நாட்கள் எல்லா வாகனங்களின் வேகத்தையும் பதிவு செய்து, சராசரியையும், நூற்றுக்கு 85 வாகனங்கள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றன என்பதையும் கணக்கிடுவார்கள். வாசலில் நிற்பவருக்கு இரைச்சல் வேகமாகவே கேட்கும் என்பதால், ஊகத்தைவிட அளவு குறைவாக வருவது உண்டு. மிகுதியாக வந்தால், வேகத்தைக் காட்டிச் சிரிக்கும் அல்லது முகம் சுளிக்கும் மின்பலகையும், ஒளிரும் மேலங்கி அணிந்த தன்னார்வலர்கள் கைக்கருவியோடு நிற்கும் ‘சமூக வேகக் காவல்’ திட்டமும் கேமராவுக்கு முந்திய படிகள். இத்திட்டத்தில் அபராதம் கிடையாது. காவல்துறை எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பும், மீண்டும் மீண்டும் பதிவானால் காவலர் வீட்டுக்கு வருவார். கடிதம் பெறுகிறவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருப்பதால், தன்னார்வலராகச் சேர முன்வருவோர் அண்டை வீட்டாரின் எண்பலகையைக் குறித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்களா என்பதை முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.