தட்டில் மீந்த உணவு



பெங்களூரிலிருந்து ஓசூர்ச் சாலை வழியே தமிழகம் செல்வோர், எல்லையைக் கடக்குமுன் காணும் ஊர் அத்திபெலே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பேருந்துச் சன்னலின் வழியே பார்த்ததோடு சரி. நம்மில் பலர் அங்கே இறங்கியதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். சில திங்களாக, அவ்வூரை அடுத்த ஒரு முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் சென்று வருகிறேன். அங்கே 22 பேர் இருக்கிறார்கள்.

சோற்றுக்கு அங்கே பஞ்சம் இல்லை. வேளை தவறாமல் பரிமாறுகிறார்கள். ஆனால் கழுவப் போகும் தட்டுகளை ஒரு நாள் பார்த்தேன். பாதித் தட்டுகளில் பாதி உணவு கிடந்தது. பரிமாறியதற்குக் கணக்கு உண்டு; திரும்பி வந்ததற்கு இல்லை.

ஊட்டக்குறைவு என்றால் உணவின்மை என்றே நான் எண்ணியிருந்தேன். முதுமையில் அது வேறு வழியாகவும் வருகிறது. நாவின் சுவையும் மூக்கின் மணவுணர்வும் மங்குகின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்தது போலிருக்கிறது. நீரிழிவுக்குத் தரும் மெட்பார்மின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பசியைக் குறைக்கின்றன. பல் இல்லை. உடன் அமர்ந்து உண்ண ஆளும் இல்லை. தசை கரைகிறது, கால் தளர்கிறது, விழுந்தால் புண் ஆற நாளாகிறது. 2017-18 இல் நடந்த இந்திய முதுமை ஆய்வில், 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்களாகக் காணப்பட்டனர். அது வீடுகளில் எடுத்த கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கண்டறிய ஓர் எளிய வினாத்தாள் உண்டு. ஆறே வினாக்கள், மொத்தம் 14 மதிப்பெண். உணவு குறைந்ததா, மூன்று திங்களில் எடை குறைந்ததா, நடமாட்டம் எப்படி, அண்மையில் கடுநோயோ பெருந்துயரோ உண்டா, நினைவும் மனமும் எப்படி, உயரத்துக்கேற்ற எடை உண்டா என்பவை அவை. கூன் விழுந்தவர்க்கு உயரம் அளக்க இயலாது. கெண்டைக்காலின் சுற்றளவை நாடாவால் அளந்தால் போதும். 31 செ.மீ.க்குக் குறைந்தால் அந்த வினாவுக்குச் சுழியம். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஊட்டக்குறைவு.

தருமபுரிப் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு 6 வந்தது! மூன்று திங்களில் 44 கிலோவிலிருந்து 40 ஆகியிருந்தார். கெண்டைக்கால் 29 செ.மீ.

"ஏன் பாட்டி, இரவில் சாப்பிடுவதில்லையா?" என்றேன்.

"பல்லில்லாத வாய்க்குச் சப்பாத்தி எதுக்குத் தம்பி? ஒரு உருண்டை களியும் அவரைச் சாறும் இருந்தா மெல்ல வேணாம், முழுங்கிடலாம்," என்றார்.

எனக்கு வெட்கமாயிருந்தது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சப்பாத்தி போடுகிறார்கள். தட்டிலேயே கிடக்கும் சப்பாத்தியால் யாருக்கு நன்மை? ஆனேக்கல், ஓசூர் வட்டாரமோ கேழ்வரகு விளையும் மண். ஆயினும் களி மட்டும் போதாது. 100 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் 7 கிராம் அளவே. முதியோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமேனும் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. பாட்டிக்கு அது 40 கிராம். ஆகவே அவரைப் பருப்போ கொள்ளோ சாறில் கரைய வேண்டும். ஒரு முட்டை சேர்ந்தால் மேலும் 6 கிராம். பக்கவாதத்தால் விழுங்கத் திணறுவோர்க்குக் களி ஆபத்து. அவர்க்கு மருத்துவரைக் கேட்டே எதையும் தர வேண்டும். சிறுநீரக நோயாளிக்குப் புரத அளவும் வேறு.

சமையற்கார அம்மாள் முதலில் முகம் சுளித்தார். களி கிண்டக் கை வலிக்குமாம். அதுவும் மெய்தானே! இப்போது வாரம் மூன்று இரவுகள் களி. பாட்டியின் எடை 41 ஆகியிருக்கிறது. களியாலா, அருகில் அமர்ந்து நாங்கள் பேசிக்கொண்டிருப்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மற்ற 21 பேரை இன்னும் அளக்கவில்லை. வரும் ஞாயிறு காலை தராசும் அளவு நாடாவும் கொண்டு செல்கிறேன். கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரிந்த இருவர் உடன் வந்தால் வேலை நடக்கும்.