பெரிய வீட்டை விற்பதா, அதிலேயே இருப்பதா?

கொழும்பு பாமன்கடையின் பழைய வீடுகள் பலவற்றில் இன்று முதியவர்கள் இருவரோ ஒருவரோதான் வசிக்கிறார்கள்; பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். வீட்டை விற்றுவிட்டுத் தொடர்மாடிக்குப் போகலாமா என்ற பேச்சு பெரும்பாலும் பேர்ச் விலையில் ஆரம்பிக்கிறது. அது உறுதியில் ஆரம்பிப்பதே நல்லது.

முதலில் வீடு யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்க்க வேண்டும். உறுதி தந்தையின் பெயரில் இருந்து, அவர் மரணசாசனம் எழுதாமல் காலமாகியிருந்தால், வீடு முழுவதும் தாய்க்குச் சேராது. பொதுச் சட்டப்படி பாதி அவருக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தேசவழமைச் சட்டம் கொழும்புச் சொத்திலும் பொருந்தும். இறந்தவரின் தேடியதேட்டத்தில், அதாவது மணவாழ்வின்போது ஈட்டிய சொத்தில், அச்சட்டப்படியும் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. தேசவழமைக்கு உட்பட்டவர்களின் சீதன வீடானால் மனைவி அதை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆகவே விலை பேசுமுன் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்விப்பதும், வெளிநாட்டிலுள்ள பங்காளிகளிடம் அற்றோணித் தத்துவம் பெறுவதும் அவசியம். தாமதங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து வீட்டைப் பார்க்க வேண்டும். படுக்கையறையையும் குளியலறையையும் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவர முடியுமா? கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கையானால் மழைநீர் உள்ளே வருமா? சோலைவரி, கூரைத் திருத்தம், உதவியாளர் சம்பளம் ஆகியவற்றை ஓராண்டுக்குக் கூட்டிப் பார்க்கலாம். மேல்மாடிக்குத் தனி வாசல் வைத்து வாடகைக்கு விட முடிந்தால், பல குடும்பங்களுக்கு விற்கும் தேவையே எழாது.

தொடர்மாடியைப் பார்க்கப் போகிறவர்கள் மின்வெட்டின்போது லிஃப்ட் ஓடுகிறதா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று அங்கு குடியிருப்பவர்களிடமே கேட்பது நல்லது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கூட்டாதன வரைபடம் பதிவாகியிருந்தால்தான் அந்த வீட்டுக்குத் தனி உறுதி கிடைக்கும். இலங்கைக் குடியுரிமையை இழந்த பிள்ளை தன் பெயரில் வாங்குவதானால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பொருந்தும். முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இக்கட்டுப்பாடுகள் இல்லை.

வரியில் ஒரு சலுகை உண்டு. வதிவாளர் ஒருவர் விற்பது தம் பிரதான வதிவிடமாகவும், விற்குமுன் மூன்றாண்டுகள் தொடர்ந்து அவருக்குச் சொந்தமாகவும், அவற்றில் இரண்டாண்டுகளாவது அவர் வாழ்ந்ததாகவும் இருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. பிள்ளைகளிடம் போய் நெடுங்காலம் தங்கிவிட்டு வந்து விற்பவர்கள் இதை இழக்கக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் தளம்பினால், வீட்டை விற்காமல் அதே வட்டாரத்தில் சில மாதம் ஒரு தொடர்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை. மயூராபதி அம்மன் கோயிலுக்கும் வெள்ளவத்தைச் சந்தைக்கும் தனியே போய்வர முடிகிறதா, அயலவர் கதைக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

விற்காமல் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. நன்கொடை உறுதியை எளிதில் மீளப்பெற முடியாது. பெற்றோர் இருவருக்கும் சீவிய உரித்து ஒதுக்கப்படாத உறுதியில், எவ்வளவு அன்பான பிள்ளை கேட்டாலும், கையெழுத்து வைக்க வேண்டாம்.