மேடைக்கு யார், நாற்காலிக்கு யார்?

அன்புள்ள தம்பிக்கு,

காந்திகிராமத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு. துறை மன்றச் செயலாளர் பொறுப்பும் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. "எல்லாரையும் சமமா நடத்தணும் ஐயா, எங்கேருந்து தொடங்குறது?" என்றும் கேட்டிருக்கிறாய். தொடக்க விழாவுக்கு நாற்காலி போடுவதிலிருந்து தொடங்கு.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு துறைக்குள் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் வேலைப் பங்கீடாகத்தான் நுழையும். மைக் பிடிப்பவர்கள் ஒரு கூட்டம். நாற்காலி தூக்குபவர்கள், பந்தியில் இலை எடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். கோலம், குத்துவிளக்கு, பன்னீர் என்றால் பெண்கள். யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். 'அவன் நல்லாப் பேசுவான்', 'இவன் சொன்னாச் செய்வான்' என்று தானாக அமைந்துவிடும். அதைக் கலைப்பதுதான் உன் வேலை. ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வா. மூன்று நிகழ்ச்சி முடிந்ததும் புரட்டிப் பார். ஒரே பெயர்கள் ஒரே வேலையில் நின்றால், அடுத்த முறை மாற்று.

நீ படிக்கும் இடத்துக்கே இதில் ஒரு மரபு உண்டு. டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்தவர்; பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-இல் மருத்துவரானார். 1940-இல் சாதி கடந்து, காந்தியின் ஆசியோடு, கேரளத்து ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அவர்கள் பின்பற்றிய காந்தியின் ஆதாரக் கல்வியில் கைத்தொழிலும் உடலுழைப்பும் பாடத்தின் பகுதி. கூட்டுவது எந்தச் சாதிக்கும் எழுதிவைத்த வேலையில்லை என்பதை, எல்லார் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்தே கற்பிக்கும் முறை அது.

இட ஒதுக்கீடு, மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 5 சதவீத இடம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் எல்லாம் ஒரு பிள்ளையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சேர்ந்த பிறகு நடப்பது துறையின் பொறுப்பு. நம் பக்கத்து வகுப்பறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார். வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியின் மகள், நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு வருபவன், திண்டுக்கல் பேகம்பூர்ப் பையன், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள், மலையிலிருந்து இறங்கி வந்த பளியர் மாணவி. எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது.

ஆகவே சிலவற்றைப் பழக்கமாக்கு. களப்பணிக் குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரி. விருப்பப்படி விட்டால் ஊர்க்காரனும் சொந்தக்காரனும் ஒன்றாகச் சேர்ந்து, தனியாக வந்த பிள்ளை கடைசிவரை தனியாகவே நிற்கும். கருத்தரங்கை மாலை ஐந்துக்கு மேல் இழுக்காதே. நத்தம் பக்கம் பஸ் பிடிக்க வேண்டிய பெண் பாதியில் எழுந்து போவாள், அவளுக்கு ஆர்வமில்லை என்று பெயர் வரும். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி டீக்கடைப் பேச்சில் மட்டும் உலவக்கூடாது. அறிவிப்புப் பலகையிலும் இருக்கட்டும். ஆங்கிலக் கருத்தரங்கிலும் தமிழில் கேள்வி கேட்கலாம் என்று நீயே எழுந்து சொல். பாடக்குறிப்பைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டால் பார்வையற்ற தோழனின் போன் அதைச் சரியாகப் படித்துக் காட்டாது. தட்டச்சு செய்து போடு. ஆள் வைத்துத் தேர்வெழுதும் மாற்றுத்திறனாளிக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு. அது சலுகை இல்லை, விதி என்பது வகுப்புக்கே தெரியட்டும். திருநங்கை மாணவி எந்தப் பெயரில் அழைக்கச் சொல்கிறாளோ அந்தப் பெயரில் அழையுங்கள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

புதிதாக வருபவரிடம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது தெருவை அல்ல என்று இருவருக்கும் தெரியும். நீ கேட்காதே, உன் முன்னால் யாராவது கேட்டால் பேச்சை மாற்று.

யாராவது சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்றோ, தவறாக நடந்துகொண்டார்கள் என்றோ உன்னிடம் வந்தால், பஞ்சாயத்துப் பேசி முடித்துவைக்காதே. 2012-ஆம் ஆண்டு யுஜிசி விதிகள் சாதிப் பாகுபாட்டுப் புகாரைக் கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்கின்றன. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வந்தவர் சம்மதித்தால் அவருடன் போ. அவர் பெயரைக் காப்பாற்று.

இதையெல்லாம் செய்தால், "திறமைசாலிக்கு மேடை இல்லையா?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கோபப்படாதே. அவனுடைய திறமையும் பத்து மேடை ஏறித்தான் வந்தது. புதிதாகப் பேசப்போகிறவளுக்கு இரண்டு நாள் ஒத்திகை பார்த்துக் கொடுக்கும் வேலையை அவனிடமே ஒப்படை. அவன் மறுத்தால் நீ உட்கார்ந்து கேள். அவள் தடுமாறினாலும் அடுத்த கூட்டத்துக்கும் அவளையே கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்