யோசனையும் நெஞ்சுநோவும்

"யோசிச்சு யோசிச்சே மனுசன் நெஞ்சு வெடிச்சுப் போனார்" என்று செத்த வீடுகளில் எமது பெண்கள் சொல்லி அழுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். படித்தவர்கள் சிலர் இதை வெறும் ஒப்பாரிப் பேச்சு என்று ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதை இன்று மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது.

1990 ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர்கள் ஓர் இருதய நோயைப் பற்றி எழுதினார்கள். பெருந்துயரோ அதிர்ச்சியோ ஏற்பட்டவுடன் வரும் நெஞ்சுநோ அது. பார்த்தால் மாரடைப்புப் போலவே இருக்கும். ஆனால் இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு இராது. இருதயத்தின் கீழ்ப்பாகம் மட்டும் ஊதி, கழுத்துச் சிறுத்த பானை போல ஆகிவிடும். கடலில் எட்டுக்கால் கணவாய் பிடிக்கும் பானையின் பெயரையே அவர்கள் இதற்கு வைத்தார்கள்: தகோட்சுபோ. எங்கள் ஊரில் கண்டுபிடித்திருந்தால் கள்ளு முட்டி என்று பெயர் வைத்திருப்போம். வயது சென்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

இந்த நோய் அரிது. இடம்பெயர்ந்த குடும்பங்களை மெல்ல மெல்ல அரிப்பது வேறொன்று.

2009 ஆம் ஆண்டில் யாழ் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் நூற்றுக்கு 22 பேரிடம் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 42. ஆகவே உங்களுக்கு நித்திரை வராமலோ, ஒன்றிலும் மனம் பற்றாமலோ இருந்தால் நீங்கள் தனி ஆள் அல்ல. அது கோழைத்தனமும் அல்ல, விசரும் அல்ல.

இதற்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு? வயலுக்குள் யானை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தத்தில் சீனி கூடுகிறது, காயம் பட்டால் இரத்தம் கெதியாய் உறையும்படி உடல் ஆயத்தமாகிறது. ஓடித் தப்புவதற்கு இவையெல்லாம் வேண்டும். யானை போனதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் காணி கிடைக்குமா, கடன் எப்படித் தீரும், காணாமற் போன பிள்ளை வருவானா என்ற யோசனை யானையைப் போல விலகிப் போவதில்லை. இரவும் பகலும் வாசலில் நிற்கிறது. உடலும் ஆண்டுக்கணக்காக ஆயத்த நிலையிலேயே இருக்கிறது. இரத்தக் குழாய்கள் சேதமடைவது இப்படித்தான்.

இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, மாரடைப்புக்களில் மிகப் பெரும்பாலானவை ஒன்பது காரணிகளோடு தொடர்புள்ளவை என்று காட்டியது. புகைத்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றோடு மன அழுத்தமும் அந்த ஒன்பதில் ஒன்று. தென்னாசியரான எமக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தியே வருகிறது என்பதும் இந்த ஆய்விலிருந்து தெரியவந்தது.

கமக்காரனுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. சொந்தக் காணியில் இருந்தபோது விடியற்காலையில் எழும்பி, தண்ணீர் இறைத்து, மண் கொத்தி, வரம்பு கட்டி உடம்பு உரமேறியிருந்தது. தறப்பாள் கொட்டிலுக்கு வந்த பிறகு செய்ய வேலையில்லை. குந்தியிருந்து யோசிப்பதே நாள்முழுவதும் வேலை. தோட்டத்து மரக்கறி போய், கடை மாவும் சீனியும் கருவாடும் வந்தன. பொழுதுபோகச் சுருட்டு, மறக்கக் கசிப்பு. கசிப்புக் குடித்தவன் அன்றிரவு மறப்பான். ஆனால் குடி இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது, மனச்சோர்வையும் கூட்டுகிறது. பெண்களின் நிலை இதிலும் மோசம். எல்லோரையும் தேற்றுகிறவள் தன் பிறசர் குளிசையை மறந்துவிடுகிறாள்.

குளிசை பற்றி நாம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "இப்ப தலைச்சுற்று இல்லை, பிறசர் இறங்கிவிட்டது" என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் எம்மிடையே அநேகர். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. குளிசை எடுப்பதால்தான் அது இறங்கி நிற்கிறது. 35 வயது தாண்டிய எவரும் அரச வைத்தியசாலையில் அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பல தடவை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் கிளினிக்கில் பதிய வேண்டும். கிளினிக் கொப்பியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இடம்பெயரும்போது முதலில் தொலைவது அந்தக் கொப்பிதான்.

உப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி மட்டம் போதும். கருவாடும் ஊறுகாயும் அதற்குள் அடங்க வேண்டும். நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் விரைவாக நடக்கலாம். அதைவிட, கொட்டிலின் பக்கத்தில் இரண்டு பாத்தி கீரையும் ஒரு முருங்கையும் வைப்பதையே நாம் விரும்புகிறோம். கைக்கு வேலை, கறிக்கு இலை, கமக்காரனுக்குத் தன் தொழில் திரும்பக் கிடைத்த நினைவு, மூன்றும் ஒன்றாக வருகின்றன.

மனத்துக்கு மருந்து முதலில் பேச்சு. "அழாதை, எல்லாம் சரிவரும்" என்று அவசரப்பட்டு வாயை அடைக்காமல், சொல்வதைச் சொல்ல விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் பற்றின்மை இருந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். கொடுக்கும் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். மூன்றாம் நாளே "சரிவரவில்லை" என்று எறிந்துவிட வேண்டாம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஐவரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருகிறது. அதைக் கவனியாமல் விட்டால் மறுபடி இருதயத்துக்கே ஆபத்து.

நெஞ்சின் நடுவில் பாறாங்கல் வைத்தாற்போல இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டு, இவை வந்தால் "வாயு" என்று இஞ்சியும் சோடாவும் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பும் மூச்சு முட்டும் மட்டும் வரலாம். நோயாளியை நடக்கவோ சைக்கிளில் ஏறவோ விடாமல் இருத்தி வைத்து, 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் சில மணித்தியாலங்களுக்குள்தான் நன்றாகப் பலிக்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள். எமது குடியிருப்பில் பிறசர் குளிசையை இடையில் விட்டவர்கள் யார், யார்? யாருடைய வீட்டுக்கு ஒரு மாதமாக ஒருவரும் போகவில்லை? இரவில் நெஞ்சுநோ வந்தால் யாருடைய தொலைபேசியில் அழைப்பது, ஒழுங்கைக்குள் வாகனம் வராவிட்டால் நோயாளியை வீதிவரை யார் தூக்குவது?